புளியமரத்தடிக் காளான்

வன்னியிலே எம் தமக்கையார் வாழும் காணிக்குப் பின்புறத்தே ஒரு காட்டுத்துண்டு உளது. பாலையும் வீரையும் முதிரையும் தாமாகவே வளர்ந்து நிற்க, அவற்றினிடையே பழைய குடியிருப்பொன்றின் அடையாளம் போலப் புளியமரங்கள் சிலவும் நிழல் விரித்து நிற்கின்றன. விடுமுறைதோறும் பிள்ளைகளுடன் அங்கே சென்று நாலைந்து நாள் தங்கி வருதல் எமது வழக்கம். பட்டணத்திலே வளரும் பிள்ளைகளுக்கு மரங்களின் பெயரைக் கற்பிப்பதில் எமது பாடநூலினும் அக்காடு நல்ல ஆசான். ஆயின் மூன்றாண்டுகளுக்கு முன் அது பிள்ளைகளுக்கன்றி எமக்கே ஒரு பாடம் கற்பித்தது. அதனை இப்பகுதியில் எழுத இதுகாறும் மனம் துணியவில்லை.

அவ்வாண்டு ஆவணி விடுமுறையின்போது அத்தான் எம்மை அழைத்துச் சென்று, மாட்டுக் கொட்டிலின் அருகே நின்ற பெரிய வாகை மரத்தைக் காட்டினார். "தம்பி, இந்த வாகையிலே காளான் பூத்திருக்கிறது. மரத்துக்கு ஏதும் கெடுதியோ? நீர் படித்தவர், பார்த்துச் சொல்லும்" என்றார். நாம் அண்ணாந்து பார்த்தோம். பட்டுப்போன கிளையொன்றிலே சாம்பல் கலந்த வெண்ணிறத் தட்டுக்கள், காகிதம் போல் மெல்லியனவாய், வரிசையாக ஒட்டியிருந்தன. "இது பட்ட கிளையைத் தின்னும் காளான். உயிருள்ள மரத்தை ஒன்றும் செய்யாது" என்று கூறிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம்.

நாம் கண்டதைப் பற்றிச் சொன்னதிற் பிழையில்லை. நாம் காணாது விட்டதே பிழை. கார்த்திகையில் மூன்று நாள் விடாமழை பெய்து நிலம் ஊறிக் கிடந்த ஓர் இரவிலே, பச்சைப்பசேலென்று தழைத்து நின்ற அந்த வாகை அடியோடு முறிந்து கொட்டிலின்மேல் வீழ்ந்தது. கன்று ஈனும் நிலையிலிருந்த பசு ஒன்று இறந்தது. அத்தான் தொலைபேசியிற் செய்தியைச் சொன்னாரேயன்றி எம்மைக் குறைகூறி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டமாயிற்று.

சென்று பார்த்தோம். முறிந்த அடிமரத்தின் உட்புறம் வெளிறி, ஈரமாய், நார்நாராய்க் கையினாற் பிய்க்கக் கூடியதாய் இருந்தது. மரத்தடியிற் சாய்த்து அடுக்கியிருந்த விறகு சரிந்து கிடக்க, அதன் பின்னே உள்ளங்கை அகலத்திற் பளபளவென்று மின்னும் செங்கபிலத் தட்டுக்கள் இரண்டு வேருடன் ஒட்டியிருந்தன. ஆவணியிலே அவ்விறகை நாலு கட்டை நகர்த்தியிருந்தால் அவை எம் கண்ணிற் பட்டிருக்கும்.

காளான் என்றதும் மழைக்காலத்திற் குடைபோல் முளைத்து இரண்டொரு நாளில் அழியும் மெல்லிய பொருளே பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வேறு. மரத்தின் பக்கத்திலிருந்து சுவரிற் பொருத்திய தட்டுப்போல நீட்டி நிற்பது; தோல்போலவோ தக்கைபோலவோ கட்டைபோலவோ இருப்பது; சில பல்லாண்டு வாழ்வது. தட்டுக்காளான் என்று இதனை அழைப்போம். குடைக்காளானைப் புரட்டினால் அடியிலே ஏடு ஏடாக மடிப்புக்கள் காணப்படும். தட்டுக்காளான்களிற் பெரும்பாலானவற்றைப் புரட்டினால் ஊசியாற் குத்தியது போன்ற நுண்துளைகளே காணப்படும். அத்துளைகளினூடாகத் தூளினும் நுண்ணிய வித்திகள் உதிர்கின்றன.

ஆயின் தட்டு என்பது மாமரத்திலே மாங்காய் போன்றது. மரமாகிய பங்கசு உள்ளே இருக்கின்றது. வெண்ணிறப் பூசண இழைகள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மரத்தினுள்ளே பரந்து, நொதியங்களைச் சுரந்து, கட்டையைக் கரைத்து உண்டபின்னரே வெளியே தட்டு தோன்றும். ஆகவே தட்டைக் கொத்தி எறிந்துவிட்டு மரத்துக்கு மருத்துவம் செய்துவிட்டதாக எண்ணுதல், மாங்காயைப் பறித்துவிட்டு மாமரம் ஒழிந்தது என்று எண்ணுவதை ஒக்கும்.

அவை உண்ணும் முறையும் ஒன்றன்று. கட்டையிலே செலுலோசு என்னும் நார்ப்பொருளும், அந்நார்களை இறுகப் பிணைக்கும் இலிக்கினின் என்னும் பொருளும் உள. சில பங்கசுகள் செலுலோசைத் தின்று இலிக்கினினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போது கட்டை கபில நிறமாகிச் சதுரஞ் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கப் பொடியாகும். வேறு சில இலிக்கினினையும் தின்றுவிடும். அப்போது கட்டை வெளிறிப் பஞ்சும் நாருமாகும். அந்த வாகையில் நாம் கண்டது இரண்டாவது வகை. இலைகள் பசுமையாக நின்றமையும் வியப்பன்று. நீர் ஏறுவது மரத்தின் வெளிப்பக்கத்துக் கட்டையிலே. உள்ளே கோறையானாலும் வெளியிலுள்ள அவ்வட்டம் ஓரளவு நலமாயிருக்கும் வரை இலை வாடாது. இலையைப் பார்த்து மரத்தின் பலத்தை அளத்தல் ஆகாது.

இனி இவ்வாண்டுச் செய்திக்கு வருவோம். வாகை வீழ்ந்தபின் அத்தான் புதுக் கொட்டிலைக் காட்டோரத்திலே ஒரு முதுபுளியின் நிழலிற் கட்டியிருந்தார். சித்திரை விடுமுறைக்குச் சில நாள் முன்பு தொலைபேசியில் அழைத்து, "தம்பி, புளியிலும் காளான் வந்துவிட்டது. இரத்தச் சிவப்பாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது" என்றார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே பெருமரமாக நின்ற புளி அது. அக்காவின் வீட்டுக் குழம்பெல்லாம் அம்மரத்தின் புளியே. நாம் வரும்வரை ஆளை நிறுத்திவைக்குமாறு கேட்டோம். கேட்கும்போதே, எந்த முகத்தோடு கேட்கின்றோம் என்னும் கூச்சமும் இருந்தது.

சென்றவுடன் கொக்கத்தடியால் அச்சிவப்புத் தட்டுக்கள் இரண்டைத் தட்டி வீழ்த்தினோம். செம்மஞ்சள் கலந்த சிவப்பு. மேலும் கீழும் உள்ளும் அதே நிறம். தோல்போல் மெல்லியது, வளைத்தால் வளையும். கைவில்லையாற் பார்க்க அடிப்புறத்திலே நுண்துளைகள் தெரிந்தன. காற்று முறித்துப்போட்டு வெயிலிற் காய்ந்த ஒரு கிளைத்துண்டில் மாத்திரமே அவை இருந்தன. பச்சைக் கிளைகளில் ஒன்றேனும் இல்லை. பிக்னோபோரசு என்னும் சாதியைச் சேர்ந்த காளான் இது. வெப்ப நாடுகளெங்கும் வெயில்படும் பட்ட கட்டைகளிற் காணப்படுவது. எமது நாட்டிலும் வேலிக் கட்டைகளிலும் வீழ்ந்த மரங்களிலும் வாசகர்கள் கண்டிருப்பர். காட்டிலுள்ள தட்டுக்காளான்களுள் நிறத்தைக் கொண்டே ஓரளவு துணிந்து பெயர் சொல்லத்தக்கவை மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று.

"அப்படியானால் மரம் தப்பியது" என்றார் அத்தான்.

"பொறுங்கள் அத்தான். இம்முறை அடியையும் சுற்றிப் பார்ப்போம்" என்றோம். அவர் எம்மை ஒருமுறை நோக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

அடிமரத்தைச் சுற்றிச் சருகு முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடந்தது. அதனை மெல்ல ஒதுக்கிக்கொண்டு வருகையில் எம் இளைய மகள், "அப்பா, இந்தச் சருகுகளில் மட்டும் யார் கொக்கோத்தூள் தூவினது?" என்று கேட்டாள். உண்மையே. காட்டுப்பக்கத்து வேர்கள் இரண்டுக்கிடையிலே ஒரு முழ அகலத்துக்குச் சருகுகளெல்லாம் கபிலத் தூள் படிந்திருந்தன. தெருப்புழுதி என்று தள்ளிவிடலாம். ஆனால் அங்கே தெருவில்லை. சருகை நீக்கினோம். ஒரு சாண் அகலத்தில் தடித்த தட்டொன்று. அதன்மேலும் அதே தூள். விரலாலே துடைத்தபோது கீழே வாணிஷ் பூசியது போன்ற செங்கபிலப் பளபளப்பு. ஓரத்திலே வளர்ந்துகொண்டிருக்கும் வெண்ணிற விளிம்பு. பக்கத்திலே முன்னைய ஆண்டுகளுக்குரிய தட்டுக்கள் கறுத்து, வண்டு துளைத்து, இற்றுக் கிடந்தன. ஆகவே விருந்தாளி புதியவனல்லன்.

வித்திகள் தட்டின் அடிப்புறத்திலிருந்து உதிர்வன. அவ்வாறாயின் மேற்புறத்திலே தூள் எவ்வாறு படிந்தது? மகள் இதனைக் கேட்டபோது உள்ளம் மகிழ்ந்தது. காற்றோட்டமே காரணம். உதிரும் வித்திகள் கீழே விழுமுன் மெல்லிய காற்றிலே சுழன்று மேலெழுந்து, தாய்த் தட்டின் முதுகிலேயே படிந்துவிடுகின்றன. இவ்வகைக் காளான்களுள் ஒன்றின் பெரிய தட்டு ஒரே நாளில் ஏறத்தாழ 3,000 கோடி வித்திகளை உதிர்ப்பதாக அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் ஒன்றேனும் தக்க காயமொன்றிற் சென்று தங்கி முளைத்தாற் போதுமன்றோ? அக்காயமும் அங்கே இருந்தது. கொட்டில் கட்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே, மழைநீர் ஓட வாய்க்கால் வெட்டியபோது மண்வெட்டி பட்ட வேரொன்றின் அருகேதான் தட்டு நின்றது.

எமக்குப் பெயர் நாவின் நுனியில் வந்துவிட்டது. ஆயினும் வாகையின் நினைவு வாயைக் கட்டியது. ஆகவே ஒவ்வொன்றாகச் செய்தோம். தட்டைப் புரட்டினோம்: அடிப்புறம் வெண்மை, நகத்தாற் கீறியவுடன் கீறல் கபிலமாக மாறியது. துளைகள் வெறுங்கண்ணுக்குப் புலப்படவில்லை. கைவில்லையிலே ஒரு மில்லிமீற்றருக்கு நாலைந்து எண்ணலாம். உடைத்தோம்: உள்ளே தக்கைபோன்ற கபிலத் தசை. இவ்விடத்திலே பலர் மயங்குவதற்கு இடமுண்டு. பெல்லினசு என்னும் வேறொரு கூட்டமும் கபிலத் தசையுடையதே. ஆனால் அதன் மேற்புறத்திற் பளபளப்பு இராது. கறுத்து வெடித்த பட்டைபோல் இருக்கும். அதன் தசையிலே பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசல் ஒரு துளி விட்டால் உடனே கறுக்கும். அதன் வித்தித்தூளும் எம் மகள் கண்ட கொக்கோத்தூளைப் போல் எங்கும் படிந்து கிடப்பதில்லை.

இரவிலே தட்டின் ஒரு துண்டைத் துளைப்பக்கம் கீழாக வைத்து, அடியில் வெள்ளைக் காகிதமும் கறுப்புக் காகிதமும் பாதிபாதியாய் இட்டு, மேலே சட்டியொன்றைக் கவிழ்த்து மூடினோம். வித்தி வெண்ணிறமாயின் கறுப்புக் காகிதத்திலும், கடுநிறமாயின் வெள்ளைக் காகிதத்திலும் தெளிவாய்த் தெரியும். இதனை வீட்டிலே எவரும் செய்து பார்க்கலாம். காற்றுப் படாமலும் எறும்பு நுழையாமலும் காத்தாற் போதும். அக்கா மாத்திரம், "குழம்புச் சட்டிதான் கிடைத்ததோ?" என்று கடிந்துகொண்டார். காலையிலே சட்டியைத் திறந்தபோது வெள்ளைக் காகிதத்தில் கபில நிறத்திலே துண்டின் உருவம் அச்செடுத்தது போற் பதிந்திருந்தது.

அத்தூளிற் சிறிது மடித்து எடுத்துவந்து கல்லூரியின் நுணுக்குக்காட்டியிலே பார்த்தபின்னரே மனம் ஆறியது. நூறில் ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள முட்டை வடிவ வித்தி, ஒருமுனை வெட்டியது போலத் தட்டை, சுவர் இரட்டை, உட்சுவரிலிருந்து நுண்முட்கள் எழுந்து வெளிச்சுவரைத் தாங்கி நின்றன. இந்த இரட்டைச் சுவர் வித்தி கனோதேர்மா என்னும் சாதிக்கூட்டத்தின் கைந்நாட்டு. பின்லாந்து நாட்டுக் காசுதன் என்பார் 1881ஆம் ஆண்டில் இட்ட இப்பெயருக்குக் கிரேக்க மொழியிலே 'ஒளிரும் தோல்' என்பது பொருள். தமிழரும் இதன் கொடுமையை அறியாதவரல்லர். 1952ஆம் ஆண்டுப் புயலின் பின்னர் தஞ்சைப் பகுதியிலே தென்னைகளை வாட்டிய 'தஞ்சாவூர் வாடல்' நோய்க்குக் காரணம் இச்சாதியே.

சாதி தெரிந்தது; இனம் யாது என்று வாசகர் கேட்கலாம். இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை என்று எண்ணுகின்றோம். பளபளக்கும் கனோதேர்மா எதனைக் கண்டாலும் 'லூசிடம்' என்று எழுதிவிடுதல் நெடுங்கால வழக்கமாயிருந்தது. அப்பெயர் 1781ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கண்ட ஒரு காளானுக்கு இடப்பட்டது. சீனர் நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் 'லிங்சி' மருந்துக்காளானும் அதுவே என்று நம்பியிருந்தனர். மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபின், அது வேறோர் இனம் என்று கண்டு 2012ஆம் ஆண்டிலே புதுப்பெயர் இட்டனர். அறிஞர் அவைக்கே அவ்வளவு காலம் சென்றதாயின், ஒரு புளியமரத்தடியில் நின்று நாம் இனப்பெயர் சொல்லுதல் எங்ஙனம்?

இதனை நாம் வலியுறுத்தற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அக்காளான் மருந்தைக் குளிகையாக வாங்கி உண்பதாகக் கேள்வியுற்ற அக்கா, "அப்படியானால் இதையும் அவித்துக் குடிக்கலாம்தானே, முழங்கால் நோவுக்கு?" என்று தட்டைக் கழுவவே தொடங்கிவிட்டார். சாதி ஒன்றானால் குணமும் ஒன்றென்று கொள்ளலாகாது என்று கூறித் தடுத்தோம். சிறிது வருந்தினார், தட்டை வேலிக்கு அப்பால் எறிந்தார். மருத்துவர் தரும் மருந்தை உட்கொண்டுவரும் ஒருவர், பெயர் முழுதும் அறியாத காளானை அவித்துக் குடித்தலை நாம் ஒருகாலும் உடன்படோம்.

காளானுக்குப் பெயரிடுதல் எமது நாட்டிலே பழைய தொழில். பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்று என்பார் காடுகளிலே சேர்த்த காளான்களை உலர்த்திக் கப்பலேற்ற, இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே குருவாயிருந்த பேர்க்கிலி என்பார் தம் நண்பருடன் அவற்றை ஆராய்ந்து 1870களிலே பட்டியல் வெளியிட்டார். இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த துருநோய்ப் பங்கசுக்கு 1869இற் பெயரிட்டவரும் அவரே. பின்னர் பேராதனையிற் பல்லாண்டு பணிபுரிந்த பெச்சு என்பார் இலங்கைப் பங்கசுகளை ஓயாது தேடித் தொகுத்தார். பிசுபி என்பாருடன் சேர்ந்து அவர் ஆக்கிய 'இலங்கைப் பங்கசுகள்' என்னும் பெருந்தொகுதி அச்சேறியது 1950இல். பெச்சு அதற்கு இரண்டாண்டு முன்னரே காலமாகிவிட்டார். உலர்ந்து சுருங்கிய துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தையும் மண்ணையும் காணாமலே பெயர் சொன்ன பேர்க்கிலியின் பொறுமையை எண்ணும்போது, மரத்தடியிலேயே நின்றும் விறகை நகர்த்தாத எம்மை நாம் எங்கே வைப்பது?

இனி மரத்தை என் செய்வது? அத்தான் கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று பக்கமும் கணீரென்றது. வாய்க்கால் பக்கத்திலே பொத்தென்று அடங்கியது. அவ்விடத்தில் பேனாக்கத்தியை அழுத்தினோம், பிடிவரை இறங்கிற்று. நுணுக்குக்காட்டி பெயரைச் சொல்லும். கோறை எவ்வளவு என்பதை அத்தானின் காதே சொல்லிற்று. ஒருபக்கத்து வேரும் அடியும் கெட்டுவிட்டன. மரம் என்று வீழும் என்பதை எவரும் கூறல் இயலாது. பத்தாண்டு நிற்கலாம், அடுத்த கார்த்திகையிலும் வீழலாம்.

வெட்டிவிடுவோம் என்றார் அத்தான். அக்கா ஒன்றும் பேசாமல் மேலே பார்த்தார். பழைய கிளைமுறிவொன்றின் பொந்திலே கிளிகள் போய்வந்துகொண்டிருந்தன. பங்கசு அரித்துக் குடையாவிடில் இத்தகைய பொந்துகள் காட்டிலே அரிது. கிளியும் ஆந்தையும் இருவாட்சியும் குஞ்சு பொரிக்க இடமிராது. வீழ்ந்த கட்டையை மண்ணாக்குபவையும் இக்காளான்களே. காட்டினுள்ளே இம்மரம் நின்றிருந்தால் எமக்கு அதனிடத்தில் ஒரு வழக்கும் இல்லை. கீழே கொட்டில் இருப்பதே வழக்கு. இதனை அத்தானிடம் சொன்னோம். அவர் வெகுநேரம் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

"இந்த மரத்தை வெட்டி இறக்க எட்டுப்பேர் வேண்டும். கொட்டிலைக் கழற்றி அப்பால் கட்ட நாலுபேர் போதும்" என்றார் முடிவில்.

அவ்வாறே செய்தனர். வெள்ளிக்கிழமை மரம் வெட்ட வந்த ஆட்களே கொட்டிலைக் கழற்றினர். மரத்தின் முழு உயரத்தையும் மேலும் பத்தடியையும் கயிற்றால் அளந்து, அதற்கு அப்பால் வெளியான இடத்திலே புதுக் கொட்டில் எழுந்தது. வீட்டுப் பக்கம் பாரமாக நீண்டிருந்த கிளையொன்றை மாத்திரம் நறுக்கி இறக்கினர். மரத்தடியிலே பிள்ளைகள் விளையாடாதிருக்கக் காவோலையால் ஒரு வேலியும் அடைத்தாயிற்று. வேலிக்கு உள்ளே விறகு அடுக்கலாகாது என்பது அத்தானின் கட்டளை. மழைக்காலம் வரும்வரை மாதந்தோறும் அடியைத் தட்டிப் பார்ப்பதாகவும் கூறினார்.

சென்ற கிழமை தொலைபேசியிற் பேசினோம். புளி நிறையக் காய்த்திருக்கின்றதாம். வாய்க்கால் பக்கத்திலே, பழைய தட்டை உடைத்தெடுத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, வெண்ணிற விளிம்போடு புதிய தட்டொன்று கட்டைவிரல் அளவிலே தலைகாட்டுகின்றதாம். அத்தான் அதனைத் தொடவில்லை. மகள் வந்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கின்றார்.